தொண்ணூற்றாறாம் பக்கம்

எட்டு மணிக்கு
எதிர்வீட்டு ரோஸ்லின் அக்கா வெளியிலிருந்து பூட்டுவாள்.
ஒரு சாவி அவள் வீட்டு ஆணியில்.
இன்னொன்று அம்மாவின் கழுத்தில்,
கம்பெனி அடையாள அட்டையோடு.
உள்ளே நான், தம்பி தினகர்,
அவசரத்துக்கு ஒரு பக்கெட்,
ஆம்பூர் கிளை நூலகத்து முத்திரை விழுந்த ஒரு புத்தகம்.

அட்டை கிழிந்த இடத்தில்
யாரோ காலண்டர் தாள் ஒட்டியிருந்தார்கள்.
அதனால்தான் பேய்க்கதை என்று தெரியாமல் எடுத்தேன்,
அம்மாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கதையில் ஒரு பூட்டு.
பம்பரத்துக்கு வைத்திருந்த காசைக் கொடுத்து
பழைய இரும்புக் கடையில் ஒரு பையன் வாங்குகிறான்.
சாவி கிடையாது.
ராத்திரி ஒருமுறை தானாகத் திறந்துகொள்ளும்.
ஒரு டக். அவ்வளவுதான்.
ரத்தம் இல்லை, வெள்ளைச் சேலை இல்லை,
கொலுசுச் சத்தம்கூட இல்லை.
இதெல்லாம் ஒரு பேய்க்கதையா என்று
நாற்பதாம் பக்கம் வரை இளக்காரமாகப் படித்தேன்.

அப்புறம்தான் பிடிபட்டது.
ஒவ்வொரு டக்குக்கும் அந்த வீட்டில்
ஓர் உயிர் மறந்துபோகிறது.
முதலில் நாய். வாசலில் நின்று குரைக்கிறது,
இது யார் நாய் என்கிறார்கள்.
பிறகு மாடியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் சித்தப்பா.
அவருக்கு யாரும் சோறு கொண்டுபோகவில்லை.
பிறகு ஒரு காலை,
நாலு தட்டு வைக்கிற இடத்தில்
மூன்று.

தினகர் தூங்கிவிட்டான், வாயைத் திறந்துகொண்டு.
காற்று பாலாற்றுப் பக்கமிருந்து; தோல்ஷாப் நாற்றம் இன்றைக்கு அதிகம்.
சரக்கு ரயில் ஒன்று ஊரை இரண்டாக வகுந்துகொண்டு போனது.
நாற்பத்தெட்டுப் பெட்டி எண்ணினேன்.
நடுவில் இரண்டொன்று விட்டுப்போயிருக்கும்.

தொண்ணூற்றாறாம் பக்கம்.
பையன் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான்.
அவள் குனிகிறாள்.
கோபமே இல்லை, ரொம்ப அன்பாகத்தான் கேட்கிறாள்:
"நீ யார் வீட்டுப் பிள்ளப்பா?"

டக்.

கதையில் இல்லை. எங்கள் கதவில்.

பசை வாசனை முதலில் வந்தது, அப்புறம் அம்மா.
"இன்னாடி, இன்னும் தூங்கல?"
"என் பேர் சொல்லு."
"கழுத."
"அது பத்தாது. முழுப் பேர்."
செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்று,
எட்டு மணிநேரம் ஷூவுக்கு மேல்தோல் தைத்த கண்ணால் பார்த்து,
வருகைப் பதிவேடு மாதிரி ஒப்பித்தாள்:
"கோ. ஹேமப்ரியா. ஏழாவது பி.
எடது முட்டில தழும்பு. கணக்குல முப்பத்தொண்ணு.
போதுமா?"

போதும்.

ஆனால் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.
சும்மா பார்க்க.
சோற்றுக் கை காய்ந்துபோகிற வரைக்கும்
இடது கையால் பக்கம் தள்ளினாள்.
நாய் வந்த இடத்தில் "அய்யோ பாவம்" என்றாள்.
சித்தப்பா வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

எப்போது தூங்கினேனோ.
தோளை உலுக்கினாள்.
"ஏமே, பாத்ரூம் போவணும். கூட வா."
"இத்தினி நாள் தனியாத்தான போன?"
"வான்னா வா."

லைன் வீட்டில் பாத்ரூம் கடைசியில்.
ஆறு வாசல் தாண்டணும்.
செல் வெளிச்சத்தோடு நான் முன்னால்,
என் சட்டை நுனியைப் பிடித்தபடி அம்மா பின்னால்.
தகரக் கதவு சாத்திய பிறகு உள்ளேயிருந்து குரல்:
"அங்கியே கீறியா?"
"கீறன்."
கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம்.
"ஏய்… என் பேர் சொல்லு."

சும்மா விளையாட்டுக்கு
மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் சொன்னேன்:
"குணவதி. ஸ்டிச்சிங், நாலாவது லைன்."
அந்த மூன்றுக்குள்
தகரம் இரண்டு தடவை அதிர்ந்தது.

மறுநாள் புத்தகம் டிபன் பையில் கம்பெனிக்குப் போய்விட்டது.
பஸ்ஸில் எல்லோருக்கும் சத்தமாக வாசிக்கிறாளாம்.
நூலகத் தவணை முடிந்து நாலு நாள்.
முடிவு எனக்கு இன்னும் தெரியாது.

எட்டு மணிக்கு ரோஸ்லின் அக்கா வந்து
கொக்கியைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.
பூட்டு உள்பக்கம் தொங்கியது.
சாவி என்னிடம்.

பதினொன்றரைக்குக் கதவு தட்டியது.
"யாரு?" என்றேன்.

பசை வாசனை மட்டும்
கொஞ்ச நேரம் வெளியே நின்றது.