காந்தத்தில் ஒட்டாதது

முந்தின ராத்திரிதான் ஆயில் மாற்றியிருந்தேன்.
தேன் நிறம்.
டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து
மறுபடி விட்டு எடுத்துக் காட்டினால்
யாருக்கும் பிடித்துப்போகும்.
ஃபில்டரை மட்டும் மாற்றவில்லை.
இருநூற்று அறுபது ரூபாய்,
விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு?

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலம் தாண்டி
முனிவெங்கடப்பாவின் ஷெட்.
வாங்க வந்தவள் பெயர் தில்ஷாத்,
அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்காரி.
கழற்றிப்போட்ட டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து
மடியிலிருந்த பையின் ஜிப்பைத்
திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.
முன்பணம் அதற்குள்தான் இருந்தது.

அவர் டிப்ஸ்டிக்கைத் தொடவேயில்லை.
"புது ஆயிலுக்கு என்னா தெரியும், பாவம்"
என்றபடி வண்டிக்கடியில் போனார்.
ஒரு நாள் வயதான என் தேனை
நீலத் தொட்டியில் வடியவிட்டார்.
ஃபில்டரோடு வெளியே வந்தார்.

ரம்பம் போடவில்லை.
"அறுத்தா அந்தத் தூளும் சேந்துக்கும்.
அப்புறம் எது வண்டி சொன்னது, எது நாம சொன்னதுன்னு
தெரியாமப் போயிடும்."
சக்கரக் கத்தியை மாட்டிச் சுற்றிச் சுற்றி
தகரத்தின் கழுத்தைத் திறந்தார்.
உள்ளே காகிதம்.
மாங்கூழ் கம்பெனி காலண்டரின் வெள்ளை முதுகில்
புடவைக் கொசுவத்தைப் பிரிப்பதுபோல்
மடிப்பு மடிப்பாக அதை விரித்து
வெயிலுக்கு நகர்த்தினார்.

உடைந்த ஸ்பீக்கரின் காந்தம்,
பால் கவர் சுற்றியது.
மேலே ஓட்டினார். கறுப்பு மயிர் கொஞ்சம் எழுந்து நின்றது.
"இரும்பு. இது பரவால்ல,
ஓடுற வண்டின்னா தேயும்."
எனக்கு மூச்சு வந்தது.
பிறகு காந்தத்தை ஓரம் வைத்துவிட்டு
தாளை லேசாகச் சாய்த்தார்.
மின்னியது.
ஜிலேபி மீன் செதிலை இடித்துத் தூவியதுபோல்,
செம்பு நிறத்தில்.
"ஒட்டாம இருக்குது பாருங்க, அதான் விஷயம்.
பேரிங். மேல்பூச்சு போயி
செம்பு வெளிய வந்துடுச்சு."

என்னைப் பார்க்காமல் கேட்டார்:
"ஆயில் லைட்டு எப்பவாச்சும் எரிஞ்சுதா?"

இல்லை என்றேன்.

தொப்பூர் ஏற்றம். ஐப்பசி மழை.
முன்னால் மார்பிள் லாரி, பின்னால் சிமெண்ட் லாரி,
ஒதுங்கி நிற்க ஒரு முழம் இடமில்லை
(இடம் இருந்தது, கோயில் தாண்டி ஓரிடத்தில்,
பார்த்துக்கொண்டே போனேன்).
மடியில் பிள்ளை தூங்க,
பக்கத்து சீட்டிலிருந்து கலைவாணி கேட்டாள்,
"அது என்னாங்க, செவப்பா?"
ஒண்ணுமில்ல என்றேன்.
வைப்பரின் வேகத்தைக் கூட்டினேன்.
பாளையம் சுங்கச்சாவடியில் சில்லறை வாங்கும்போதும்
அது எரிந்துகொண்டிருந்தது.

தில்ஷாத் எழுந்து வந்தாள்.
தாளைக் கையில் வாங்கி,
கண்ணாடிச் சில்லில் ஒரு துளியைப் பார்ப்பவள்போல்
ஒரு கண்ணைச் சுருக்கினாள்.
எரிந்ததா என்று அவள் கேட்கவில்லை.
"எவ்ளோ தூரம்?" என்றாள்.

"ஒம்பது கிலோமீட்டர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.
கிராங்க், பேரிங் செட், ஓசூர் லேத் கூலி என்று
முனிவெங்கடப்பா
சுவரில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினார்.
அவள் கூட்டுத்தொகைவரை நிற்கவில்லை.
ஜிப்பை மூடினாள். "சரிங்கண்ணா" என்றாள்.
யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வடித்ததைத் திரும்ப ஊற்ற முடியாது என்றுவிட்டார்.
எதிர்க்கடையில் நாலு லிட்டர் வாங்கினேன்,
ஃபில்டரும்.
விரல் இடுக்கில் மினுமினுப்பு;
சோப்புத்தூள் போட்டும் போகவில்லை.

சாவியைத் திருப்பினேன்.
சிவப்பு விளக்கு வந்தது. எப்போதும் வரும்,
என்ஜின் பிடித்ததும் போய்விடும்.
ஒன்று. இரண்டு.
பக்கத்து சீட்டில் கேட்க ஆளில்லை.
மூன்று.
நான்கு.