ஓட்டைப் படம்

கல்லை எறிந்தவன் நான்தான்.

தலைவர் அரைப்பேர் போடுவதாகச் சொன்னார்.
தலவாக்கலைக்குப் போக லொறி, வர லொறி,
நடுவில் ஒரு பால் தேத்தண்ணி.
லொறியில் நின்ற முப்பது பேரில்
படத்தை ஒருத்தனும் பார்த்திருக்கவில்லை.
சொல்லக் கேட்டதே போதுமாயிருந்தது:
தாலியறுத்தவள் ஒருத்தி
காமன் கூத்தில் ரதி வேசம் கட்டுகிறாளாம்.
மன்மதன் எரிகிறான்,
அவள் பொட்டை அழிக்கவில்லையாம்.
சாம்பலில் விரல் தொட்டு
பவுடர் மாதிரிப் பூசிக்கொண்டு
சிரிக்கிறாளாம்.

ஒரே ஒரு கல். ஆற்றுக்கல், கோழிமுட்டையளவு.
திரையில், அவள் இடது தோளுக்கு மேலே
ஒரு கறுப்பு விழுந்தது.
ஓடினோம். நல்ல மழை.

மூன்றாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.
பெட்டியை எரித்ததாகப் பேச்சு.
ஆனால் இரண்டாம் நாள் இரவு
கதவைச் சாத்தி எட்டுப் பேருக்கு ஓட்டியபோது
கலியாண வீடு பிடிக்கும் சவரிராயன்
கடைசி வரிசையில் கமராவோடு இருந்திருக்கிறான்.

அங்கேயிருந்துதான் கிளம்பியது.
கசெட்டிலிருந்து கசெட்டுக்கு,
மஸ்கெலியா, பூண்டுலோயா, பொகவந்தலாவை.
ஊதாக் கோடுகள், யாரோ இருமுவது,
தியேட்டர் தகரத்தில் அன்றைய மழை.
எங்கள் மேற்பிரிவு லயத்தில்
ஜன்னலுக்குச் சாக்கு மாட்டி
பெண்கள் மட்டும் பார்த்தார்கள்.
மறுநாள் தராசடியில்
கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ வெட்ட,
கூடையை இறக்காமலே பூமாலை சொன்னாள்:
“எரிஞ்சது அவன்தானே, நானில்லையே.”
வரிசை முழுக்கச் சிரித்தது.
அவருக்கு மட்டும் விளங்கவில்லை.

நானும் பார்த்தேன். முதலில்
என் கல்லைப் பார்க்கத்தான்.
ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்க
ஆட்களும் தீயும் தேயிலையும்
அதற்குப் பின்னால் போய் வந்தன.
எத்தனையாவது தடவையோ தெரியாது,
அவள் சிரித்தபோது
எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறகு வந்த பொடியன்கள்
ஓட்டைக்கு அர்த்தம் சொன்னார்கள்.
எரித்தவனின் மூன்றாம் கண் என்றான் ஒருவன்.
டைரக்டர் வேண்டுமென்றே வைத்த கறுப்பு நிலா
என்றாள் கம்பஸ் போகும் பிள்ளை.
டீசேட்டில் வெறும் கறுப்புப் பொட்டு அடித்துப் போட்டார்கள்.
மாசி மாதம் ஓர் இரவு கூடி
கன்னத்தில் சாம்பல் பூசி
வசனமெல்லாம் சேர்ந்து சொன்னார்கள்.

போன வருசம்
கம்பளையில் டைரக்டரின் தங்கை வீட்டு அலுமாரி மேலே
சுத்தமான பிரதி ஒன்று கிடைத்தது.
ஹட்டனில் மண்டபம் நிறைந்தது.
விளக்கு அணைந்த பத்தாம் நிமிசம்
கூச்சல்: “ஓட்டை எங்க?”
“காசைத் திருப்பிக் குடு!”

நான் அந்த இடத்தையே பார்த்திருந்தேன்.
தீ எரிகிறது. ரதி நிற்கிறாள்.
அவள் இடது தோளுக்கு மேலே, கூட்டத்தில்,
அப்பன் தோளில் குந்திய ஒரு பிள்ளை,
முன்பல் இரண்டு இல்லை.
அதுதான் முதலில் சிரிக்கிறது.
ரதி அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.

வாசலில் ஒருவன், கன்னத்துச் சாம்பலோடு, கேட்டான்:
“அங்கிள், நீங்க அந்தக் காலத்து ஆள்.
ஒரிஜினல்ல ஓட்டை இருந்திச்சா?”

“இல்ல,” என்றேன்.
“அது பிறகு வந்தது.”