விடுபட்ட தரவு

அறுவடைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
பன்றிகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

விடியுமுன் கதவைத் தட்டினான் செல்த்ரிம்.
இரவெல்லாம் தகரம் தட்டி
வீங்கிப்போன மணிக்கட்டு.
"போய்விட்டது" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.

மோங்காருக்கு மேலே
மேகம் ஜன்னல் வழியே வந்து
கோப்புகளை ஈரமாக்கிப் போகும் சரிவில்
எங்கள் நிலையம்.
வாசல் பலகையில் நீளமான பெயர்:
புதுப்பிக்கத்தக்க இயற்கை வளங்களுக்கான
அரசு ஆராய்ச்சி நிலையம்.
'புதுப்பிக்கத்தக்க' மழையில் உதிர்ந்து
மூன்று ஆண்டாகிறது.
சாயம் கேட்ட விண்ணப்பம்
திம்புவில் இருக்கிறது.

மக்காச்சோளத்தில் பன்னிரண்டு ரகம்,
ரகத்துக்கு நான்கு பாத்தி,
ஆக நாற்பத்தெட்டு.
பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக
ஒவ்வொரு தட்டையையும் எனக்குத் தெரியும்.
பூ எடுத்தது எந்த நாள்,
இலைநுனி கருகியது எத்தனை,
ஆகஸ்ட் காற்றுக்குச் சாய்ந்தது எது,
சாய்ந்து பிறகு மனம் மாறி நிமிர்ந்தது எது.

சுற்றிலும் சூரிய மின்வேலி.
மூன்று நாளாகச் சூரியன்தான் வரவில்லை.

வேலிக்கு வெளியே சேற்றில்
ஒரு குளம்புத் தடம்
சற்று நின்று யோசித்திருந்தது.
அதற்கப்புறம் யோசனை எதுவும் இல்லை.

ஜிக்ட்ரெல் வந்தார்.
அங்கியின் விளிம்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு
சேற்றில் இறங்கினார்.
"எல்லாமா?"
இல்லை ஐயா.
ஏழு மட்டும்.
நான்கு இடத்திலும் ஏழாம் ரகம் மட்டும்.

குலுக்கல் போட்டு நட்டது அது.
முதல் தொகுதியில் ஓடையோரம்,
அடுத்ததில் நட்டநடுவே,
மற்ற இரண்டில் எங்கென்று
எனக்கே தாளைப் பார்த்தால்தான் தெரியும்.
வரைபடம் அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.
மூன்றாவது பிரதி
ஒரு மூக்கில் இருந்திருக்கிறது.

ஆறையும் எட்டையும் முகர்ந்துவிட்டு
மிதிக்காமல் தாண்டிப் போயிருந்தன,
விருந்தாளி வீட்டுக் கோலத்தைத் தாண்டுவதுபோல.

இந்த ஏழு
இரண்டு வருடமாக விளைச்சல் பட்டியலில்
கடைசிக்கு முந்தையது.
இந்தப் பருவத்தோடு நிறுத்திவிடலாம் என்று
பென்சிலால் குறித்தது நான்தான்.
எங்கள் படிவத்தில்
எடைக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒன்று,
நோய்க்கு மூன்று.
ருசிக்குக் கட்டம் கிடையாது.

மறுநாள் வயல் விழா.
தள்ளிப்போட முடியாது,
மூன்று ஊர்க்காரர்கள்
அதிகாலையிலேயே லாரி ஏறிவிட்டார்கள்.
ஆளுயரம் நின்ற ஒன்பதாம் ரகத்தின் முன்னால்
ஜிக்ட்ரெல் புள்ளிவிவரம் சொன்னார்.
மரியாதையாகத் தலையாட்டினார்கள்.
எல்லாருடைய கண்ணும்
காலி இடத்தில்.

சித்தார் லாமோ
மென்ற வெற்றிலையைத் துப்பிவிட்டு
பாத்தியில் இறங்கினாள்.
பாதி தின்ற கதிர் ஒன்றைப் பொறுக்கி,
மண்ணைத் துடைத்து,
பன்றி விட்ட இடத்திலிருந்து கடித்தாள்.

"இந்த விதை கிடைக்குமா?"

அம்மா, அதைத்தான் பன்றி...

"அதனால்தான் கேட்கிறேன்."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்:
நட்டால் உன் வயலுக்கும் வருமே!
"எதை நட்டாலும் வரும்.
மிச்சத்தையாவது
ருசியாகத் தின்றுவிட்டுப் போகிறேன்."
அதற்குள் பதினேழு பேர்
பெயர் கொடுத்திருந்தார்கள்.

குளிர்பெட்டியில் தேடினேன்.
ஏழில் மிச்சம் இருநூற்றுப் பத்து கிராம்.
பதினேழு பேருக்குப் பங்கு போட்டால்
உள்ளங்கைக்குக்கூடத் தேறாது.

மாலையில் கணினியைத் திறந்தேன்.
விடுபட்ட தரவுக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும்,
அது விதி.
நான்கு புள்ளி வைத்தேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம்.
பன்றி என்று அடித்தேன்.
அழித்தேன்.
'தேர்வானது' என்று அடித்துவிட்டு
ஜிக்ட்ரெல் அறைப் பக்கம் பார்த்தேன்.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அழிக்கவில்லை.

அடுத்த நாள் மதியம் வெயில் வந்தது.
மின்வேலி டிக், டிக் என்று
உயிர்பெற்றுக்கொண்டது,
யாரும் கேட்காத பதினோரு ரகங்களை
வெகு கவனமாகக் காத்தபடி.