அரைப்பேர்

மாசி பிறந்தும் ராகலையில் பனி விலகவில்லை.
லயத்துக்குப் பின்னால்
கக்கூஸ் சுவருக்கும் கானுக்கும் நடுவே
நாலு கயிறு, நாலு சாதி வெள்ளரி.

முதல் கயிற்றில் வெள்ளை,
வெலிமடைச் சந்தைப் பாக்கெட்.
குட்டை, சோம்பேறி, ஆனால் கசக்காது.
அடுத்தது, வவுனியாவிலிருந்து நாத்தனார் புஷ்பராணி
மருந்துச் சீட்டில் மடித்து அனுப்பிய கெக்கரி.
வெயில் கேட்டு அழுகிறது,
இலையெல்லாம் திருநீறு பூசியதுபோல்.

பச்சைப் பாம்பாய்த் தொங்குவது மூன்றாவது.
நுவரெலியாவில் பொலித்தீன் கூடாரத்தில் வேலைபார்க்கும்
கொழுந்தன் கொடுத்த நாற்று.
ஆண்பூவே வேண்டாமாம் அதற்கு,
தனியாகவே காய்க்கும், விதை இருக்காது.
கெட்டிக்காரி என்றேன்.
கொழுந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவது உருண்டை, எலுமிச்சை மஞ்சள்.
பக்கத்துக் காம்பரா மல்காந்தி எட்டிப் பார்த்து
இது பிப்பிஞ்ஞாவே இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள்.
மறுவாரம் மூன்று கேட்டு வாங்கிப்போனாள்.

பனிக்குத் தேனீ வராது.
வந்தாலும் ஒரு சுற்று, பிறகு ஆளில்லை.
அதற்கு அரைப்பேர் போட யாருமில்லை.
எனக்குப் போன மாதம் நாலு அரைப்பேர்.

பகல் கொழுந்து நிறுத்துவிட்டு ஓடிவந்து
மகள் ஜனோஷிகாவின் ஓவியத் தூரிகையால்
ஆண்பூவைத் தொட்டு
அடியில் பிஞ்சு வைத்த பூவைத் தொடுகிறேன்.
கறை படிந்த நகத்தில் மஞ்சள் பொடி.
கயிற்றுக்குக் கயிறு தூரிகையைக் கழுவவேண்டும்
என்றிருந்தான் கொழுந்தன்.
சோற்று நேரம் ஒரு மணித்தியாலம்.
கழுவவில்லை.

வெளிக்கள ஐயா ரொட்ரிகோ
கானோரம் நின்று கேட்டார், என்ன நட்டிருக்கிறாய்?
வெள்ளரி என்றேன்.
தலையாட்டிவிட்டுப் போனார்.
போன வருடம் பலாக்கன்றைப் பிடுங்கச் சொன்னவர்.
பலா என்றால் வேர்,
வேர் என்றால் கடிதம்.
மூன்று மாதத்தில் சாகிற கொடிக்கு
யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அன்று பறித்த கெக்கரி கசந்தது.
காம்புப் பக்கம் வெட்டி
வெட்டிய துண்டாலேயே தேய்த்தேன்.
வெள்ளையாய் நுரை வந்தது.
கொஞ்சம் போயிற்று, கொஞ்சம் இருந்தது.
மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தின்றோம்.

கொடிகள் காய்ந்து, கயிற்றை அவிழ்த்து,
மழையும் இரண்டு தரம் பெய்து ஓய்ந்தபின்
கானோரம் ஒன்று தானாய் முளைத்தது.
யாரும் கயிறு கட்டவில்லை.
மல்காந்தியின் தகரத்தில் ஏறிப்
படுத்துக்கொண்டு காய்த்தது.
ஒரே ஒரு காய்.
வெள்ளையில்லை, பச்சையில்லை,
உருண்டையாகத் தொடங்கி நடுவில் மனம் மாறி நீண்டிருந்தது.

உன் விதையா, என் கூரையா என்றாள் மல்காந்தி.
இதற்கு என்ன பேர் என்றாள் ஜனோஷிகா.
இன்னும் அரைப்பேர்தான் என்றேன்.

பறிக்கவில்லை. விதைக்கு விட்டிருக்கிறோம்.
முள்ளம்பன்றிக்குத் தகரம் ஏறத் தெரியாது.
காலையில் அவள், மாலையில் நான்
அண்ணாந்து பார்த்துக்கொள்கிறோம்.
பனி இறங்கிவிட்டால்
கூரையே தெரிவதில்லை.