ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே

புளியந்தோப்பில் ஒரு வீட்டு வயரிங் முடிந்தபின்
மிஞ்சிய முக்கால் அங்குலக் குழாய்.
பில்லில் சேர்க்கவில்லை,
திருப்பியும் தரவில்லை.

முதல் குழலை ரம்பம் கெடுத்தது.
நீளமாய் இருந்தால் அறுக்கலாம்.
குட்டையாகிப் போனால்
எந்தக் கடையில் போய்க் காற்றை வாங்கி ஒட்டுவது?
இரண்டாவது, ஒரு சாணும் நாலு விரலும்.
கேஸ் அடுப்பில் ஆணியைப் பழுக்கவைத்துத்
துளை போட்டபோது
கீழ்வீட்டு ஜுலைகா ஓடிவந்தாள்:
"அண்ணே, எங்கியோ வயர் எரியுது."
என்னிடமே சொன்னாள்.

செல்போனில் ஒரு சுருதிப்பெட்டி உண்டு.
நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு
கடன் வேண்டுமா என்று கேட்கும்.
மொட்டை மாடிக்கு நேர் எதிரே
இரட்டைக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு
விளம்பரம் கிடையாது.
ராப்பகலாய் ஒரே மூச்சு,
ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே.
இருபது வருஷமாக எனக்கு அது
கிட்ட வராதே.
இந்தச் சித்திரையிலிருந்துதான்
ச.

மேலிரண்டு துளையை மூடி ஊதுகிறேன்.
என் ச ஒரு பக்கம், அதன் ச ஒரு பக்கம்,
இடையில் என்னவோ ஒன்று
வவ் வவ் என்று அடித்துக்கொள்கிறது,
சோக்கு போன டியூப்லைட் மாதிரி.
மூன்றாம் துளையை அரத்தால் ராவினால் ஏறுகிறது.
ஓரத்தில் மெழுகு அப்பினால் இறங்குகிறது.
வைகாசியில் சிமெண்ட் தரை நடுராத்திரியிலும் கொதிக்க,
குழாய் கொதிக்க,
மெழுகும் இளகி விரலில் வழிய,
எல்லாமே ஏறுகிறது.

பியூலா கார்ப்பரேஷன் மருத்துவமனை நர்ஸ்.
கொடியிலிருந்து துணி எடுத்தபடியே
"ஏறுது" என்பாள்,
ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்கிற அதே குரலில்.
"இப்போ?"
"இன்னும் ஏறுது. உனக்குப் புருவமும் ஏறுது."

அரமும் மெழுகும் பாதி தூரம்தான் வரும் என்று
பிறகு புரிந்தது.
மிச்சம் உதட்டில் இருக்கிறது.
குழலை என் பக்கம் ஒரு நூல் உருட்டினால் தணியும்.
ஒரு நூல்:
கொத்தனாருக்குத் தெரியும், ஆசாரிக்குத் தெரியும்,
என் டேப்பில்கூடக் கோடு இருக்கிறது.
உதட்டுக்குத் தெரிய நாற்பது ராத்திரி ஆனது.

நேற்று பத்தே காலுக்கு
டப்.
பேட்டை முழுக்க ஒரு பெரிய வாய்
மூடிக்கொண்டது.
பாய், விசிறி, அழுகிற கைக்குழந்தையோடு
எட்டு பிளாக்கும் மாடிக்கு வந்து என்னைத்தான் கேட்டது,
எப்ப வரும்?
நான் என்ன வாரியத்து ஆளா?

எதிரே கம்பம் செத்துக் கிடக்க
இருட்டில் ஊதினேன்.
பிடித்து நிற்க ஒன்றுமில்லை.
நேற்றுவரை ச வெளியே இருந்தது,
தெருவைத் தாண்டி, முள்வேலிக்குள்.
இப்போது அதைத் தொண்டைக்குள் தேடினேன்,
அங்கே கொஞ்சம் பயம் இருந்தது,
சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு இருந்தது,
அதற்கும் கீழே எங்கோ
ஒரு மெல்லிய இரைச்சல்.
அதன்மேல் உதட்டை வைத்தேன்.
கொசு கடித்தது, விடவில்லை.
யாரோ "போதும்பா" என்றார்கள், விடவில்லை.
மூச்சு வாங்கி மறுபடி அங்கேயே இறங்கினேன்,
மறுபடி.

எத்தனை நேரமோ.
ஊதிக்கொண்டிருக்கும்போதே
எதிரில் அது முனகி எழுந்தது,
என் ச-வை வந்து முட்டியது.
வவ் வவ்.
வவ்...
நிற்கப்போகிற மின்விசிறியின் இறக்கைகள்போல்
ஒவ்வொன்றாய் எண்ண முடிந்தது.
ஒரு நூல் உருட்டினேன்.

இடையில் இருந்தது
இல்லை.

"வந்துடுச்சூ!" என்று
எட்டு பிளாக்கும் ஒரே குரலில் கத்தியது.
பாயைச் சுருட்டிக்கொண்டு
எல்லாரும் இறங்கிப் போனார்கள்.