பேசின் பிரிட்ஜ் ஏற்றம்

அரசு முத்திரை குத்திய நீல சைக்கிள்
ஒரு வருடமாய் மாடிப்படிக்குக் கீழே
காலி தண்ணீர்க் கேனுக்குத் துணை நின்றது.
பதினொன்றாம் வகுப்பில் ரெனிட்டாவுக்குக் கொடுத்தது.
"சும்மா சொல்லிக்கிட்டே இருக்காத, வேணும்னா நீ ஓட்டு"
என்றாள் ஒருநாள், கோபத்தில்.
சரி என்றுவிட்டேன்.

நாற்பத்து நான்கு வயதில்
ஹேண்டில்பாரைப் பிடித்தால் உள்ளங்கை வேர்க்கிறது.
இரவு பத்தரைக்கு மேல்,
ஷேர் ஆட்டோக்கள் அடங்கியதும்,
துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்து,
ஏசி சொட்டும் வீட்டிலிருந்து
மின்வாரியப் பெட்டி வரைக்கும்
பெரம்பூரின் அறுபது அடி நீளம் எனக்கே எனக்கு.
பார்வையாளர்கள் நாய்கள் மட்டும்.

ஆல்ட்ரின் கேரியரைப் பிடித்தபடி ஓடி வருவான்.
"பிடிச்சிருக்கியா?"
"பிடிச்சிருக்கேன்."
அவன் செருப்புச் சத்தம்
ஏசி சொட்டும் இடத்திலேயே நின்றது
எனக்குக் கேட்டது.
கேட்டும் கேட்டேன்: "பிடிச்சிருக்கியா?"
தூரத்திலிருந்து சொன்னான்:
"பிடிச்சிருக்கு."
அந்த மாதம் அவன் என்னிடம்
தானாகச் சிரித்துச் சொன்ன ஒரே வார்த்தை.

பிறகு ஒரு ஞாயிறு, காலை நாலே முக்கால்.
முன்னால் ஆல்ட்ரின், மட்கார்டு இல்லாத கியர் சைக்கிளில்,
முதுகெல்லாம் சேற்றுப் புள்ளி.
பின்னால் ரெனிட்டா, இரண்டாவது மாடியில் இரவல் வாங்கியதில்.
நடுவில் நான்,
லைசென்ஸ் இல்லாத லாரி மாதிரி.
புளியந்தோப்பில் ஒருவர் பிரியாணி அண்டாவுக்குள்
பாதி உடம்பை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.
பெல் அடித்தேன். தேவையே இல்லை.
அடிக்க வேண்டும்போல் இருந்தது.

சென்னையில் மலை கிடையாது.
பாலம்தான் மலை.
பேசின் பிரிட்ஜ் ஏறத் தொடங்கியதும்
இரண்டு தொடையும் என்னைத் திட்டின.
கீழே சென்ட்ரலுக்குள் விடமாட்டேன் என்று
அவுட்டரில் நிறுத்திவைத்த ஏதோ ஒரு எக்ஸ்பிரஸ்.
அப்போதுதான் ரெனிட்டா பேசினாள்,
என்னிடமா, என் முதுகிடமா, தெரியவில்லை.
"ம்மா, எனக்கு"
ரயில் ஊதியது
"ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.
பொங்கலோட முடிஞ்சிடுச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லியிருந்தால்
யார், எந்த ஸ்கூல், எத்தனை நாளாய் என்று
ஒரு படிவமே நீட்டியிருப்பேன்,
மூன்று பிரதிகளில்.
ஏற்றத்தில் அதற்கெல்லாம் மூச்சு ஏது.
"ம்" என்றேன்.
அந்த ஒரு "ம்"முக்கே
ஒரு மிதி செலவானது.
பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
கால்வாய் நாற்றத்துக்காகவும் இருக்கலாம்.

உச்சியில் செயின் கழன்றது.
ஆல்ட்ரின் திரும்பி வந்து
இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.
"நீயே மாட்டு. பெடல பின்னால சுத்து."
ரெனிட்டா போனில் டார்ச் அடித்தாள்,
கொஞ்சம் என் கைக்கு, கொஞ்சம் தரைக்கு,
தன் முகத்துக்கு மட்டும் படாமல்.

இறக்கத்தில் மூன்று பேரும் மிதிக்கவில்லை.
எனக்கு வாய் திறந்தே இருந்திருக்கிறது.
ஒரு பூச்சி உள்ளே போனது.

காசிமேட்டில் அரைக் கிலோ சங்கராவுக்கு
அரை மணி நேரம் பேரம்.
திரும்பும்போது அதே பாலம்,
கூடையில் மீன், கண்ணில் வெயில்.
பாதியில் இறங்கித் தள்ளினேன்.
ரெனிட்டாவும் இறங்கினாள்.
அவளுக்கு இறங்க வேண்டிய தேவையே இல்லை.

திங்கட்கிழமை தபால் ஆபீசில்
ஆர்.டி. கட்ட வந்த மெகருன்னிசா
என் நகக்கண்ணைப் பார்த்தார்.
"என்னம்மா இவ்வளவு கறுப்பு?"
"செயின் கழண்டுபோச்சு."
"அய்யய்யோ," என்று நெஞ்சில் கை வைத்தார்.
"எத்தனை பவுன்?"