இனி அணைக்கலாம்

ஷ்செச்சின் நகரில், டிராம் திரும்பும் முக்கில்
ஒரு கடை நிறைய என் பழைய அலுவலகம்.

ஃப்ளாப்பி வட்டு வடிவில் கோப்பைத் தாங்கிகள்.
மணல்கடிகாரத் தலையணை.
விளிம்பு தூக்கிய சாம்பல் பொத்தானாய்
ஒரு சோப்புப் பெட்டி.
அழுத்தினால் உள்ளே போகும்போல நிழல்.
போகாது. அழுத்திப் பார்த்தேன்.

"மேடம், இதில்தான் அந்தக் காலத்தில்
எல்லாவற்றையும் சேமிப்பார்களாம்"
என்று விளக்குகிறான் ஓலாஃப்.
பெயரைச் சட்டையில் குத்தியிருக்கிறான்.
இருபது வயது இருக்கலாம்.
நான் அந்தச் சதுரங்களை
நாற்பது நாற்பதாய் அடுக்கி, ரப்பர் பேண்டு மாட்டி,
சுங்க அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள்.
பதினேழாவது வட்டு கெட்டுப்போனால்
ஒரு கப்பல் ஒரு நாள் நிற்கும்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"அப்படியா" என்றேன்.

சரக்குக் கணக்குப் பிரிவு, மூன்றாம் மாடி.
பதினோரு கணினி, பதினான்கு பேர்.
மேசை முடிந்த இடத்தில்
மவுஸை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு
"இனி எங்கே போவது, போஜெனா?" என்பாள் ஹலினா.

மணல்கடிகாரம் திரையில் கவிழும், நிமிரும்.
அதற்குள் தேநீர் போட்டு, எலுமிச்சை அரிந்து,
அவள் மருமகள் கதையில் கால்வாசி முடித்துவிடுவாள்.
திரை விழித்ததும் கதை நின்றுபோகும்.
மிச்சம் அடுத்த தேக்கத்தில்.
ஆறு வருடம்
தவணை முறையில் கேட்டேன் அந்தக் கதையை.

வால்டெமார் படியேறும் சத்தம் கேட்டால்
சீட்டுக்கட்டு மறைந்துவிடும்.
ஒருமுறை ஜெயித்துத் தொலைத்தேன்.
சீட்டுகள் துள்ளித் துள்ளி விழத் தொடங்கின.
நிறுத்தும் வழி தெரியவில்லை.
மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று
கடைசிச் சீட்டு விழும்வரை பார்த்தார்.
"எத்தனை நாள் ஆயிற்று?"
"ஒன்பது மாதம்."
"எனக்கு இன்னும் வரவில்லை" என்று
அறைக்குள் போய்விட்டார்.

கடையின் கோடியில் கால்மிதி.
கறுப்பில் ஆரஞ்சு எழுத்து:
இப்போது கணினியை அச்சமின்றி அணைக்கலாம்.
எண்பத்தொன்பது ஸ்வோட்டி.

தினமும் மாலை நான்குக்குப் படித்த வரி.
எல்லா வேலையையும் முடித்துவிட்டு
இருட்டில் ஒரு விரலுக்காகக் காத்திருக்கும் இயந்திரம்.
டொக்கென்று ஒரு சத்தம்.
இப்போதைய கணினிகள் தாமாகவே அணைகின்றன,
விருந்து நடுவே
சொல்லாமல் நழுவும் ஆட்களைப்போல.

பிரிவை மூடிய அன்று பிப்ரவரி.
ஓடர் நதியில் பனித்தட்டுகள் முட்டிக்கொண்டு நகர்ந்தன.
பதினோரு திரையிலும் அதே வரி வந்து நின்றது.
யாரும் கை வைக்கவில்லை.
"மின்கட்டணம் இனி நம்முடையதில்லை" என்றார் வால்டெமார்.
கூரை விளக்கை மட்டும் அணைத்தார்.
அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில்தான்
கோட்டுப் பொத்தான்களைத் தேடித் தேடிப் போட்டோம்.
படிவரை வந்த ஹலினா
திரும்பிப் போய்த் தன்னுடையதை அணைத்தாள்.
"பழக்கம்" என்றாள்.

இப்போது ப்ரெமனில் இருக்கிறாள்,
அதே மருமகள் வீட்டில்.
அந்தக் கதையின் கடைசித் தவணை
எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கால்மிதியைச் சுருட்டித் தரச் சொன்னேன்.
சோப்புப் பெட்டி எனக்கு.

அஞ்சல் கூலி மிதியின் விலையைத் தாண்டியது.
சுங்கப் படிவம் எங்கே என்று கேட்டேன்.
"ஜெர்மனிக்கா? அதெல்லாம் எப்போதோ போயிற்றே"
என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்.
அடுத்த ஆள் இருமும்வரை
பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தேன்.